ஏ2 தாள் ஏ2வைக் காட்டவில்லையா? வார இறுதித் தமிழ்ப் பள்ளிக் கேள்வித்தாள்களின் பழுது பார்க்கும் வரிசை

ஜூன் வந்தால் என் மின்னஞ்சலில் கேள்வித்தாள்கள் குவியும். ஜெர்மனியிலும் அக்கம்பக்கத்து நாடுகளிலும் வார இறுதியில் தமிழ் சொல்லிக்கொடுக்கும் ஆசிரியர்கள் அனுப்புவார்கள். "அண்ணா, இது ஏ2தானே? ஒருமுறை பார்த்துச் சொல்லுங்கோ." மொழித்திறனை ஏ1, ஏ2, பி1, பி2, சி1, சி2 என்று கீழிருந்து மேலாக 6 நிலைகளாகப் பிரிப்பதில் இரண்டாவது படிதான் ஏ2. பெரும்பாலும் தேர்வு முடிந்த பிறகுதான் அனுப்புவார்கள், அது வேறு கதை. பார்த்த வரையில் பழுதுகள் ஆறேழுதான். அவையேதான் வருடா வருடம் திரும்பி வருகின்றன.

கீழே உள்ளதை முதலிலிருந்து வாசிக்க வேண்டாம். உங்கள் தாள் காட்டும் அறிகுறியைத் தேடிப் பிடித்து, அதற்குக் கீழே உள்ளதை வரிசையாகச் சோதியுங்கள். செலவில்லாதது முதலில், பெரிய வேலை கடைசியில். இடையில் பழுது பிடிபட்டால் அங்கேயே நிறுத்திவிடலாம்.

மேசையில் 3 பொருள்கள் வேண்டும்: கேள்வித்தாள், பிள்ளைகளின் விடைத்தாள்கள், அந்தந்தத் திறனுக்கான நிலை விளக்கம், அதாவது அந்த நிலையில் ஒருவரால் என்ன செய்ய முடியும் என்று சொல்லும் வரிகள். இந்த நிலைகளை வகுத்த, சி.இ.எஃப்.ஆர். என்று எல்லோரும் சொல்லும் ஐரோப்பியப் பொது மொழிச் சட்டகம் 2001இல் வந்தது. அதன் துணைத் தொகுதியின் முழுமையான பதிப்பு 2020இல் வந்தது. 2020 பதிப்பையே எடுங்கள். 6 நிலைகளையும் ஒரே பக்கத்தில் காட்டும் பட்டியலை மட்டும் அச்சடித்து வைத்துக்கொண்டு கேள்வி எழுதுபவர்கள் அதிகம். அது கண்காட்சிச் சுவரில் ஒட்டத்தான் ஆகும். கேட்டலுக்கு, குறிப்பு எழுதுவதற்கு, உரையாடலுக்கு என்று தனித்தனி அளவுகோல்கள் உள்ளே இருக்கின்றன. கேள்வி எழுத அவைதான் உதவும்.

## அறிகுறி: வீட்டில் வாய் ஓயாமல் தமிழ் பேசும் பிள்ளை ஏ1 தாளில் தோற்கிறது

எனக்கு அதிகம் வரும் புகார் இது. அம்மம்மாவிடம் தொலைபேசியில் அரை மணி நேரம் பேசுகிற பிள்ளை, தாளில் 100க்கு 30. பெற்றோர் ஆசிரியரைக் குறை சொல்வார்கள், ஆசிரியர் பிள்ளையைச் சொல்வார். தாளை யாரும் திருப்பிப் பார்ப்பதில்லை.

முதலில் கட்டளை வரியைப் பாருங்கள். "பொருத்துக", "கோடிட்ட இடங்களை நிரப்புக", "ஓரிரு சொற்களில் விடையளி". ஊரில் நாம் எழுதிய தாள்களிலிருந்து அப்படியே வந்தவை இவை. ஏ1 பிள்ளையின் காதில் "நிரப்புக" என்று யாரும் இதுவரை சொன்னதில்லை. சோதனை எளிது. தோற்ற பிள்ளையைக் கூப்பிட்டு, தாளைக் காட்டி, "இங்க என்ன செய்யச் சொல்லியிருக்கு?" என்று கேளுங்கள். தெரியவில்லை என்றால் பழுது கேள்வியில் இல்லை, கட்டளையில். ஒரு விடையை நீங்களே எழுதிக் காட்டிவிடுங்கள். அதுவும் போதாவிட்டால் கட்டளையை ஜெர்மனிலோ பிரெஞ்சிலோ போடுங்கள். தமிழ்த் தேர்வில் வேற்று மொழியா என்று கமிட்டியில் ஒருவர் கட்டாயம் கேட்பார். ஏ1இல் நாம் சோதிப்பது கட்டளையைப் புரிந்துகொள்வதை அல்ல என்று சொல்லுங்கள்.

கட்டளை புரிகிறது, ஆனால் கேட்டல் பகுதியில் மட்டும் தோற்கிறது. அப்படியானால் பதிவின் எழுத்து வடிவத்தை எடுத்து உரக்க வாசியுங்கள். "அம்மா கடைக்குச் சென்றுள்ளார். அவர் மாலையில் திரும்புவார்." இப்படி எந்த வீட்டில் பேசுகிறார்கள்? செய்தி வாசிப்பவரின் தமிழில் ஒரு வீட்டு உரையாடலைப் பதிவு செய்துவிட்டு, பிள்ளைக்குக் கேட்கும் திறன் இல்லை என்கிறோம்.

2001 பதிப்பில் பி1 கேட்டலுக்கு "தெளிவான பொதுமொழிப் பேச்சு" என்ற பொருளில் சொல்லியிருந்தார்கள். 2020 பதிப்பில் அதோடு "அல்லது பழக்கமான வழக்கு" என்பதும் சேர்ந்துவிட்டது. பேச்சு ஒன்று, எழுத்து ஒன்று என்று வைத்திருக்கும் நமக்கு இந்த ஒரு சொற்றொடர் பெரிய வரம். என் வழக்கம் இது: இருவர் பேசிக்கொள்வது என்றால் பேச்சுத் தமிழ், கோயில் அறிவிப்பும் வானொலிச் செய்தியும் என்றால் எழுத்துத் தமிழ். எது எது என்று தாளின் வடிவக் குறிப்பிலேயே எழுதி வைத்துவிடுவேன், அடுத்த வருடம் வேறொருவர் வந்து மாற்றிவிடாமல் இருக்க.

வழக்கு என்றதும் இன்னொன்று. ஒரே வகுப்பில் யாழ்ப்பாணத்துப் பிள்ளையும் திருச்சிப் பிள்ளையும் உட்கார்ந்திருக்கும். "கதிரைக்குப் பக்கத்துல பாண் இருக்கு" என்று பதிவில் வந்தால் ஒரு பாதி விழிக்கும். "நாற்காலி" என்று மட்டும் வந்தால் மறுபாதி கொஞ்சம் யோசிக்கும். விடையைத் தீர்மானிக்கும் சொல் இரு பக்கமும் தெரிந்த சொல்லாக இருக்கட்டும். மற்றச் சொற்கள் எந்த ஊர்ச் சொல்லாகவும் இருக்கலாம், அதுதான் உண்மையும்கூட.

பேச்சுத் தமிழில் பதிவு செய்தும் தோற்கிறது. இப்போது விடைக் கட்டங்களைப் பாருங்கள். ஒவ்வொரு கேள்விக்கும் 4 தெரிவுகள், நான்கும் தமிழெழுத்தில் முழு வாக்கியங்கள். பிள்ளை இரண்டாவது தெரிவை எழுத்துக் கூட்டுவதற்குள் பதிவு அடுத்த கேள்விக்குப் போய்விடும். நீங்கள் சோதிப்பது வாசிப்பு வேகத்தை. படங்கள் போடுங்கள், அல்லது கேட்டபடி வரைபடத்தில் புள்ளி வைக்கச் சொல்லுங்கள். ஒரு பள்ளியில் இதை மட்டும் மாற்றினோம். முன்பு தோற்ற பிள்ளைகளில் பலர் அடுத்த முறை சாதாரணமாகத் தாண்டிவிட்டார்கள்.

எல்லாம் சரி, ஆனாலும் மொத்த மதிப்பெண் குறைவு. பழுது சான்றிதழ்ப் படிவத்தில் இருக்கிறது. இந்தப் பிள்ளை கேட்டலில் பி1, பேசுவதில் ஏ2, வாசிப்பதில் ஏ1, எழுதுவதில் அதற்கும் கீழே. இந்த நான்கையும் கூட்டி வகுத்து ஒரு நிலை சொன்னால் அது யாருடைய நிலையும் இல்லை. படிவத்தில் 4 கட்டங்கள் போடுங்கள். ஏ1க்கும் கீழே ஒரு படியை 2020 தொகுதியே ஒத்துக்கொள்கிறது, அதையும் தயங்காமல் எழுதுங்கள். இது கொஞ்சம் செலவான மாற்றம். அச்சடித்த படிவங்கள் வீணாகும், "பாஸா ஃபெயிலா சொல்லுங்கோ" என்று பெற்றோர் வாசலில் நிற்பார்கள்.

எப்போது வெளியாளைக் கூப்பிட வேண்டும்: பகல் பள்ளியிலும் அந்த நாட்டு மொழியை வாசிக்கத் திணறுகிறது என்று பெற்றோர் சொன்னால், அது கேள்வித்தாள் விஷயமே இல்லை. பகல் பள்ளியில் வாசிப்புச் சிக்கல்களைப் பார்ப்பவரிடம் போகச் சொல்லுங்கள். நாமாக ஒரு பெயர் வைக்க வேண்டாம்.

## அறிகுறி: எல்லோருக்கும் 90க்கு மேல்

கொண்டாட வேண்டாம். வகுப்பில் வாய் திறக்காத பிள்ளையும் 92 வாங்கியிருந்தால் தாள் எதையும் அளக்கவில்லை.

பத்தியை மூடிவிட்டுக் கேள்விகளை மட்டும் வாசியுங்கள். பொங்கல் பற்றி ஒரு பத்தி, கீழே "பொங்கல் எந்த மாதம் வரும்?" என்று கேள்வி. பத்தி எதற்கு? பிள்ளைக்கு ஏற்கெனவே தெரியும். "நிலா வீட்டில் இந்த முறை ஏன் சனிக்கிழமை பொங்கல் வைத்தார்கள்?" என்று மாற்றுங்கள். அந்த வீட்டுக் கதையைப் படிக்காமல் விடை வராது.

மூடினால் விடை தெரியவில்லை, ஆனாலும் எல்லோரும் சரியாக எழுதியிருக்கிறார்கள். அப்படியானால் இதைச் செய்து பாருங்கள். பத்தியில் உள்ள பெயர்ச்சொற்களையெல்லாம் பொருளில்லாத ஒலிகளாக மாற்றுங்கள்.

"பிளகன் துமிலத்தில் சொகைக்குச் சென்றான். பிளகன் எதில் சொகைக்குச் சென்றான்?"

துமிலத்தில். உங்களுக்கும் விடை வந்துவிட்டது, இல்லையா? துமிலம் என்றால் என்ன என்று எனக்கும் தெரியாது. வேற்றுமை உருபு விடையைக் காட்டிக் கொடுத்துவிடுகிறது, தமிழில் இந்தப் பொறி சுலபமாக அமைந்துவிடும். பத்தியில் ஒரு சொல், கேள்வியில் அதற்கு இணையான வேறு சொல் என்று வையுங்கள். பத்தியில் "பேருந்து ஓடவில்லை" என்று இருந்தால், கேள்வி "அவன் ஏன் நடந்தே போனான்?" என்று இருக்கட்டும்.

எழுத்துப் பகுதியில்தான் 90. 3 விடைத்தாள்களைப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். "பசு ஒரு வீட்டு விலங்கு. அது சாதுவானது." மூன்றிலும் ஒரே வாக்கியம் என்றால் அது மனப்பாடம். தலைப்பை மாற்றிப் பயனில்லை, அடுத்த வருடம் அதையும் மனப்பாடம் செய்துவிடுவார்கள். யாருக்கு, எதற்காக எழுதுகிறோம் என்பதைப் புகுத்துங்கள். ஏ2 விளக்கம் உடனடித் தேவைக்கான சின்னக் குறிப்பு, நன்றி சொல்லும் எளிய கடிதம் என்றுதான் பேசுகிறது. "சித்தி உங்கள் வீட்டுப் பூனையை 2 நாள் பார்த்துக்கொள்ளப் போகிறார். அவருக்கு ஒரு குறிப்பு எழுதுங்கள்: சாப்பாடு எங்கே இருக்கிறது, எப்போது கொடுக்க வேண்டும், எதைக் கொடுக்கக் கூடாது." மனப்பாடக் கட்டுரை இதில் நுழைய முடியாது.

இங்கேயே ஒரு தகராறும் வரும். பிள்ளை சித்திக்கு "சாப்பாடு குடுங்க" என்று எழுதினால் தவறா? சித்திக்கு வாட்ஸாப்பில் நீங்கள் எப்படி எழுதுவீர்கள்? தலைமையாசிரியருக்கு விடுப்புக் கடிதம் என்றால் எழுத்துத் தமிழைக் கேளுங்கள். சித்திக்கு என்றால் விட்டுவிடுங்கள். யாருக்கு என்பதைக் கேள்வியில் எழுதாமல் விட்டுவிட்டு, பிறகு மதிப்பெண் குறைப்பதுதான் அநியாயம்.

கடைசிச் சந்தேகம்: போன வருடத் தாள் பெற்றோர் குழுவில் சுற்றிக்கொண்டிருக்கிறது. இதற்குக் குறுக்கு வழி கிடையாது. ஒவ்வொரு நிலைக்கும் 2, 3 இணைத் தாள்கள் வேண்டும். ஒரு பள்ளி தனியாகச் செய்தால் முதுகு முறியும், 4 பள்ளிகள் சேர்ந்தால் முடியும்.

## அறிகுறி: பேச்சுத் தேர்வில் "ஆமா", "இல்ல", "தெரியாது" மட்டுமே வருகிறது

பதிவு செய்திருந்தால் கேளுங்கள், செய்யாவிட்டால் அடுத்த முறை கட்டாயம் செய்யுங்கள், பெற்றோரின் ஒப்புதலோடு. கையில் கடிகாரத்தை வைத்துக்கொண்டு, யார் எத்தனை விநாடி பேசுகிறார்கள் என்று குறியுங்கள். ஆசிரியர் பாதிக்கு மேல் பேசியிருந்தால் வேறு காரணம் தேட வேண்டாம். நாம் தமிழாசிரியர்கள், மௌனம் நமக்குத் தாங்காது. பிள்ளை 3 விநாடி யோசித்தால் விடையின் முதல் பாதியை நாமே சொல்லிவிடுவோம்.

உரையாடலைத் தன்னால் நீட்டித்துக்கொண்டு போக முடியாது என்பது ஏ2வின் அடையாளம். பி1இல் முன்தயாரிப்பு இல்லாமலே உள்ளே நுழைய முடியும். ஆசிரியர் தாங்கிப் பிடித்தால் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும்.

ஆசிரியர் அடக்கமாகத்தான் இருந்தார் என்றால் கேள்வி அட்டையைப் பாருங்கள். "உனக்குக் கிரிக்கெட் பிடிக்குமா?" என்றால் ஒரு சொல் போதும், பி1 பிள்ளையும் ஒரு சொல்தான் சொல்லும். பி1 விளக்கம் கருத்துக்கும் திட்டத்துக்கும் சுருக்கமாகக் காரணம் சொல்வதைக் கேட்கிறது. காரணம் சொல்லாமல் தப்ப முடியாதபடி வேலையை அமையுங்கள்: "பாட்டி வருகிறார். சனிக்கிழமை ஓர் இடத்துக்குத்தான் கூட்டிப் போகலாம். இந்த 3 படங்களில் எது? ஏன் மற்ற இரண்டும் வேண்டாம்?"

எதிர்ப்பக்கமும் உண்டு. ஒரு பிள்ளை எழுந்து நின்று "அவையோருக்கு வணக்கம்" என்று தொடங்கி 3 நிமிடம் மடை திறந்தாற்போல் பேசும். பேச்சுப் போட்டியில் தங்கப் பதக்கம் கிடைக்கும். தலைப்பை 2 வாரம் முன்பே கொடுத்திருந்தால் இது உரையாடல் திறனுக்குச் சான்றே இல்லை. நடுவில் நிறுத்தி, "இதை உன் தம்பிக்கு எப்படிச் சொல்லுவ?" என்று கேளுங்கள். அதற்கு வரும் விடைக்குத்தான் மதிப்பெண்.

## அறிகுறி: இரண்டு ஆசிரியர்கள் திருத்தினால் இரண்டு நிலை

பொதுவாக ஒருவர் ஊரில் தமிழாசிரியராக இருந்தவர், மற்றவர் இங்கே வளர்ந்தவர். முதலாமவர் ஏ1 என்பார், இரண்டாமவர் பி1 என்பார். சண்டை வேண்டாம், இரண்டு பேரும் எதற்கு மதிப்பெண் குறைத்தார்கள் என்று கேளுங்கள்.

எழுத்துப்பிழைக்கு என்றால், ஏ2வின் எழுத்துமுறை அளவுகோலை எடுத்து நடுவில் வையுங்கள். தனக்குப் பேச்சில் பழக்கமான குறுஞ்சொற்களை ஓரளவு ஒலிக்கேற்ப எழுதினால் போதும், முழுக்கச் சரியான எழுத்துக்கூட்டல் வேண்டியதில்லை என்பதுதான் அதன் சாரம். "நான் பல்லிக்குப் போனேன்" என்று எழுதிய பிள்ளை சிரிப்பு மூட்டியது உண்மை. ஆனால் ள, ழ, ல மூன்றையும் ஒன்றாகவே உச்சரிக்கும் பிள்ளைக்கு அது ஒலிக்கேற்ற எழுத்து. ஏ2வில் அதற்காக நிலையைக் குறைக்க வழியில்லை. சந்திப்பிழைக்குக் குறைத்திருந்தால் அது இன்னும் அநியாயம்.

இருவரும் ஒரே காரணத்தைச் சொல்லி வேறு மதிப்பெண் போட்டால், மதிப்பீட்டு அட்டவணையின் சொற்களைப் பாருங்கள். "நன்று", "ஓரளவு", "சுமார்". என் சுமார் உங்களுக்கு நன்று. "3 தகவல்களில் இரண்டு சேர்ந்தன", "ஒருமுறை திருப்பி வாசித்தால் புரிகிறது" என்று கண்ணால் பார்க்கக்கூடியதை எழுதுங்கள்.

அட்டவணையைத் திருத்தியும் இடைவெளி இருந்தால் மாதிரி விடைகள் வேண்டும். ஒவ்வொரு நிலைக்கும் எல்லோரும் ஒத்துக்கொண்ட 2 விடைத்தாள்களைப் பெயரை மறைத்துப் படியெடுத்து வைத்துக்கொண்டு, திருத்தும் நாளில் முதல் அரை மணி நேரம் அவற்றையே எல்லோரும் திருத்திப் பார்க்க வேண்டும். ஒரு சனிக்கிழமை போய்விடும், தேநீரும் வடையும் தனி. ஒரு முழு நிலைக்கு மேல் தள்ளிப்போகும் தாள்களை மூன்றாமவர் பார்க்கட்டும். இதற்குப் பிறகும் ஒரே ஆசிரியர் தொடர்ந்து மேலேயோ கீழேயோ போனால், அவரைத் திருத்தும் மேசையிலிருந்து பேச்சுத் தேர்வு மேசைக்கு மாற்றுவதுதான் மரியாதையான வழி.

## அறிகுறி: ஒரே ஒரு கேள்வி நல்ல பிள்ளைகளைக் கவிழ்க்கிறது

முதலில் விடைக்குறிப்பில் தவறா என்று பாருங்கள். சிரிக்காதீர்கள், பெரும்பாலும் அதுதான்.

இல்லை என்றால் ஒரு சின்னக் கணக்கு. 24 பிள்ளைகள் இருந்தால் மொத்த மதிப்பெண்ணில் மேலே உள்ள 8 பேரையும் கீழே உள்ள 8 பேரையும் எடுங்கள். அந்தக் கேள்வியில் மேல் எட்டில் 7 பேர் சரி, கீழ் எட்டில் 3 பேர் சரி என்றால் 7இலிருந்து 3 போக 4, அதை 8ஆல் வகுத்தால் 0.5. நல்ல கேள்வி. விடை பூஜ்யத்தை ஒட்டி வந்தால் கேள்வி யாரையும் பிரிக்கவில்லை. கழித்தல் குறியோடு வந்தால் நன்றாகத் தெரிந்த பிள்ளைகள் வேறொரு நியாயமான பொருளைக் கண்டிருக்கிறார்கள். அவர்களைக் கூப்பிட்டுக் கேளுங்கள், பெரும்பாலும் அவர்கள் சொல்வதுதான் சரியாக இருக்கும். அந்தக் கேள்வியை மொத்தத்திலிருந்து நீக்கிவிட்டு மறுபடி கூட்டுங்கள். 24 பேரை வைத்துச் சொல்லும் எண் இது, ஒரு பிள்ளை மாறினாலே ஆடும். சந்தேகப்பட மட்டும் பயன்படுத்துங்கள்.

## அறிகுறி: நாம் பி1 கொடுத்தோம், வேறிடத்தில் ஏ2 என்கிறார்கள்

இது வந்தால் கொஞ்சம் உட்கார்ந்துதான் பார்க்க வேண்டும்.

எளிய காரணம், பிள்ளை ஒரு வருடம் தமிழை விட்டிருக்கலாம். தேதிகளைப் பாருங்கள்.

அடுத்து, தாளில் உள்ள ஒவ்வொரு வேலைக்கும் பக்கத்தில் அது எந்த விளக்கத்தைச் சோதிக்கிறது என்று பென்சிலால் எழுதுங்கள். எழுத முடியாத கேள்விகள் எத்தனை என்று எண்ணுங்கள். ஒரு பள்ளியின் "பி1" தாளில் பாதிக்கு மேல் "எதிர்ச்சொல் தருக", "பிரித்து எழுதுக", "ஒருமை பன்மை". எந்த நிலையின் விளக்கத்திலும் அவற்றுக்கு இடமில்லை. இலக்கணப் பாடத்துக்கு அவை நல்ல பயிற்சிகள், பி1 என்று சான்று சொல்ல உதவாது.

வேலைகள் எல்லாம் பி1தான், ஆனாலும் கேள்வி வருகிறது என்றால் வெட்டுமதிப்பெண்ணைப் பாருங்கள். 35 வாங்கினால் பாஸ் என்று வளர்ந்தவர்கள் நம்மில் பலர், அந்த எண் கைப்பழக்கமாக வந்துவிடும். 40 கேள்விகளில் எத்தனை சரி என்றால் பி1? ஆங்காஃப் முறை என்று ஒன்று உண்டு. பி1 வாசலை இப்போதுதான் மிதித்த ஒரு பிள்ளையை மனத்தில் நிறுத்துங்கள். அப்படிப் பத்துப் பேர் இருந்தால் இந்தக் கேள்வியை எத்தனை பேர் சரியாகச் செய்வார்கள்? ஒவ்வொரு கேள்விக்கும் ஒவ்வோர் ஆசிரியரும் தனியாக எழுதி, எல்லாக் கேள்விகளுக்கும் கூட்டிப் பத்தால் வகுத்து, பிறகு ஆசிரியர்களுக்குள் சராசரி பார்க்க வேண்டும். 26 என்று வந்தால் அதுதான் வெட்டு. ஒருவர் 15, இன்னொருவர் 33 என்றால் அங்கேயே நிறுத்துங்கள். நீங்கள் ஒரே பிள்ளையை நினைக்கவில்லை.

இதற்கு மேல் கையை வைக்காதீர்கள்: உங்கள் சான்றிதழை வைத்து ஒரு பள்ளி பாட மதிப்பெண் தருகிறது, அல்லது யாரோ அதை வேலைக்கும் சேர்க்கைக்கும் காட்டுகிறார்கள் என்றால், மொழித் தேர்வு வடிவமைப்பைத் தொழிலாகச் செய்பவர் வர வேண்டும். தேர்வுகளைச் சட்டகத்தோடு இணைப்பதற்கு ஐரோப்பிய அவை 2009இல் ஒரு கையேடு வெளியிட்டது. விளக்கங்களோடு பழகுவதில் தொடங்கி, தாளின் உள்ளடக்கத்தைப் பதிவு செய்வது, மாதிரிகளை வைத்துத் திருத்துபவர்களைப் பழக்குவது, வெட்டு வைப்பது, கடைசியில் சரிபார்ப்பது என்று போகும் அந்த வரிசையை 5 ஆசிரியர்கள் ஒரு வார இறுதியில் முடித்துவிட முடியாது.

அவரைக் கூப்பிடும் முன் இவற்றைத் திரட்டி வைத்தால் அவருடைய நேரமும் உங்கள் காசும் மிஞ்சும்: தாளும் பென்சில் குறிப்புகளும், கேள்விவாரியாகப் பிள்ளைகளின் விடைகள் உள்ள எக்செல் கோப்பு, பேச்சுப் பதிவுகள், மாதிரி விடைகள், வெட்டுக்காக ஒவ்வோர் ஆசிரியரும் எழுதிய எண்கள். எண்களைத் திருத்தி அழகாக்கி அனுப்ப வேண்டாம். 15உம் 33உம் அப்படியே போகட்டும்.